திடுக்கிடுவதும் நம்புவதும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒரு விளையாட்டைப் பற்றியது. அதுவும் மைதானத்தில் ஓடியாடும் விளையாட்டல்ல. திரையின் முன் உட்கார்ந்து, கையிலே ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, விரலால் ஆடுகின்ற வீடியோ கேம். அதிலும், ஆடுகிறவனைப் பயமுறுத்துவதற்கென்றே செய்யப்பட்ட வீடியோ கேம். "இதென்ன, சபையில் பேசக்கூடிய சங்கதியா? பிள்ளைகள் பொழுதைப் போக்குகிற காரியத்திற்கு ஒரு கூட்டமா?" என்று வயதானவர்கள் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தப்பில்லை.

ஆனால், தோழர்களே! பயம் என்கிற ஒரே சரக்கை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனை வியாபாரம் நடக்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். இருட்டென்றால் பயம், சுடுகாடென்றால் பயம், ஊர்க்கோடிப் புளியமரமென்றால் பயம். பயத்தை உண்டாக்குகிறவன் ஒருவன். அதைப் போக்குகிறேன் என்று காசு வாங்குகிறவன் ஒருவன். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே ஆசாமியாகவே இருப்பான். அப்படியிருக்க, "இது நான் செய்த பயம், வேண்டுமானால் வாங்கிக் கொண்டு போ, வேண்டாமென்றால் விட்டுவிடு" என்று பெட்டியின் மேல் தன் பெயரையும் போட்டுக் கடையில் விற்கிறவன் ஒருவன் இருந்தால், அவனுடைய பட்டறைக்குள் நுழைந்து பயம் எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டாமா? பார்த்துவிட்டு வந்துதான் இப்போது உங்கள் முன் நிற்கிறோம். ஒரு வார காலம் மாலை வேளைகளில் ஆடிப் பார்த்ததில் நமக்குத் தோன்றிய முதல் அபிப்பிராயங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

விளையாட்டின் பெயர் ரெசிடென்ட் ஈவில். ஜப்பான் தேசத்து ஓசாகா நகரத்திலுள்ள கேப்காம் என்னும் கம்பெனி 1996-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இதை வெளியிட்டது. அங்கே அதற்குப் பயோஹசார்ட் என்று பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பதிவு செய்துகொள்ள முடியாத காரணத்தால் வேறு பெயர் சூட்டினார்கள். ஆக்குவித்தவர் ஷின்ஜி மிகாமி என்பவர். இதற்கு முன்னோடியாக 1989-ல் ஸ்வீட் ஹோம் என்ற ஒரு விளையாட்டு அதே கம்பெனியில் டோகுரோ புஜிவாரா என்பவரால் செய்யப்பட்டிருந்தது. அதுவும் ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் அகப்பட்டுக்கொண்டவர்களின் கதைதான். ரெசிடென்ட் ஈவில் வந்த பிறகுதான் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு "சர்வைவல் ஹாரர்", அதாவது திகிலுக்கு நடுவே உயிர் பிழைக்கும் விளையாட்டு என்கிற பெயர் உலகமெங்கும் நிலைத்தது. 2024-ல் அந்தப் பழைய விளையாட்டையே இக்காலத்துக் கம்ப்யூட்டர்களிலும் ஆடும்படி மறுபடி விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள்.

கதை இதுதான். அமெரிக்காவில் ராக்கூன் சிட்டி என்று ஒரு கற்பனை நகரம். அதன் பக்கத்து மலைக்காட்டில் சிலர் கொடூரமாய்க் கொல்லப்படுகிறார்கள். விசாரிக்கப் போன ஒரு போலீஸ் படை திரும்பவில்லை. அதைத் தேடி இன்னொரு படை போகிறது. காட்டிலே வெறிபிடித்த நாய்கள் துரத்த, மிஞ்சியவர்கள் எதிரே தெரிந்த ஒரு பெரிய மாளிகைக்குள் ஓடிப் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதிலிருந்து விளையாட்டு ஆரம்பம். கிறிஸ் என்ற ஆண் அல்லது ஜில் என்ற பெண், இருவரில் ஒருவரை நாம் பொறுக்கிக்கொண்டு அந்த மாளிகையில் நடக்க வேண்டும்.

உள்ளே போனதும் நமக்கு முதலில் பட்டது என்ன தெரியுமா? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நிசப்தம்! பெரிய கூடம், மாடிப்படி, நீண்ட மேஜை போட்ட ஒரு சாப்பாட்டு அறை, அதிலே "டக், டக்" என்று அடித்துக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரம், நம் ஆளின் காலடிச் சத்தம். கம்பளத்தின் மேல் நடந்தால் ஒரு சத்தம், கல்தரையில் நடந்தால் வேறு சத்தம். இவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காததினால்தான் என்னமோ நடக்கப் போகிறதென்று மனம் தானாகவே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. பிறகு ஒரு கதவைத் திறந்து குறுகலான நடையில் திரும்பினால், ஒருவன் முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். என்ன செய்கிறான்? முன்னே காணாமற்போன படையைச் சேர்ந்தவன் ஒருவனுடைய பிணத்தைத் தின்றுகொண்டிருக்கிறான்! சத்தம் கேட்டு மெதுவாகத் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறான். தோல் வெளுத்து, கண் வெளுத்து, செத்தவன் முகம். இதுதான் ஜாம்பி என்று சொல்லப்படும் நடைப்பிணம்.

அந்தத் தலை திரும்புகின்ற சில வினாடிக்குள் நம் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது உண்மை. இதை மறைக்கப் போவதில்லை. இந்தச் சொற்பொழிவே இதற்காகத்தான்.

தோழர்களே! முதலில் இந்தப் பயம் எந்தச் சாமான்களால் ஆனது என்று பிரித்துப் பார்ப்போம்.

முதல் சாமான் மறைப்பு. இந்த விளையாட்டில் கேமரா நம் ஆளின் பின்னாலேயே வராது. அறையின் மூலையிலோ, கூரையின் ஓரத்திலோ ஓர் இடத்தில் நிலையாக நின்றுகொண்டு பார்க்கும். நடையின் திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்பது அங்கே நிற்கிற நம் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆடுகின்ற நமக்குத் தெரியாது. கால் இழுத்து நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும். ஏன் இப்படிச் செய்தார்கள்? அக்காலத்து பிளேஸ்டேஷன் இயந்திரத்துக்கு ஒரு மாளிகை முழுவதையும் நுணுக்கமாக அப்போதைக்கப்போது வரைந்து காட்டச் சக்தியில்லை. ஆகவே ஒவ்வொரு அறையையும் முன்கூட்டியே படமாகச் செய்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தின் மேல் ஆட்களை மட்டும் நடக்கவிட்டார்கள். 1992-ல் பிரான்சு தேசத்துக் கம்பெனி ஒன்று செய்த அலோன் இன் த டார்க் என்னும் விளையாட்டிலும் இதே முறைதான். படம் நிலையானது, ஆகையால் கேமராவும் நிலையானது. இயந்திரத்தின் ஏலாமை நமக்குத் திகிலாக வந்து சேருகிறது!

இன்னும் கேளுங்கள். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போகும்போதெல்லாம் திரை இருண்டு, ஒரு கதவு மட்டும் தெரிந்து, கிறீச்சென்று மெதுவாகத் திறக்கும். அந்தச் சில வினாடி நேரமும் "உள்ளே என்ன இருக்குமோ" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உண்மையில் அந்நேரத்தில் இயந்திரம் செய்கிற வேலை, தட்டிலிருந்து அடுத்த அறையின் விவரங்களைப் படித்துக்கொள்வதுதான். காத்திருக்க வைக்க வேண்டியிருந்தது, காத்திருப்பதையே கதவாக்கிவிட்டார்கள். 1999-ல் கொனாமி என்ற மற்றொரு ஜப்பான் கம்பெனி சைலன்ட் ஹில் என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதில் ஓர் ஊர் முழுவதும் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆடினவர்கள் நடுங்கிப் போனார்கள். அந்தப் பனிமூட்டத்திற்குக் காரணமும் ஒன்றுதான்: தூரத்திலுள்ள வீடுகளை வரைந்து காட்ட இயந்திரத்தால் ஆகவில்லை, மூடிவிட்டார்கள். தெரியாத இடத்தில் நம் மனமே பேயை வரைந்துகொள்கிறது. வரைகின்ற கூலியும் அவர்களுக்கு மிச்சம்!

இரண்டாவது சாமான் பற்றாக்குறை. துப்பாக்கி உண்டு, குண்டு சொற்பம். காயத்துக்குப் பச்சிலை உண்டு, அதுவும் சொற்பம். கிறிஸ் ஒரே சமயத்தில் ஆறு சாமான்தான் சுமக்கலாம். ஜில் எட்டுச் சுமக்கலாம். சாவி ஒன்று, துப்பாக்கி ஒன்று, குண்டு ஒன்று, பச்சிலை ஒன்று என்று வைத்தால் மடி நிறைந்துபோகிறது. இது போதாதென்று, அதுவரை ஆடியதைப் பதிந்து வைக்க வேண்டுமானால் ஒரு டைப்ரைட்டர் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். போனாலும் மை ரிப்பன் கையிலிருக்க வேண்டும். அந்த ரிப்பனும் அங்கங்கே இரண்டு மூன்றாகத்தான் கிடைக்கும். பதியாமல் செத்தால் ஒரு மணி நேரத்துப் பாடு வீண். இப்போது சொல்லுங்கள், எதிரே வருகிற ஜாம்பியைக் கண்டு பயமா, கையில் இருக்கிற நாலு குண்டைக் கண்டு பயமா? நம் அனுபவத்தில் ஜாம்பி கொடுத்த பயம் காலணா. பற்றாக்குறை கொடுத்த பயம் முக்காலே மூன்று வீசம். இல்லாதவனுக்கு நிழல்கூடப் பூதமாய்த் தெரியும் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் அந்த மாளிகைக்குள்ளேயே இருக்கிறது. டைப்ரைட்டரும் சாமான் பெட்டியும் உள்ள சில சின்ன அறைகளில் மெல்லிய, அமைதியான சங்கீதம் ஒலிக்கும். அங்கே ஒரு ஜாம்பியும் வராது. அந்த அறைக்குள் கால் வைத்ததும் நம் தோள் தானாகத் தளருவதை நாமே கண்டோம். அதே மாளிகை, அதே இரவு, அதே ஆள். சங்கீதம் மாறியதும் மனம் மாறிவிட்டது. உடுக்கைச் சத்தத்துக்கு ஆடுகிறவர்களைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

மூன்றாவது சாமான் எதிர்பாராத அடி. மாளிகையின் கீழ்த்தளத்தில் ஜன்னல்கள் வரிசையாய் அமைந்த ஒரு நடை இருக்கிறது. அமைதியாக இருக்கிறது. நாம் பாட்டுக்கு நடந்து போகிறோம். திடீரென்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு நாய் உள்ளே பாய்கிறது! அப்போது நாம் உட்கார்ந்திருந்த நாற்காலியே ஒரு சாண் பின்னால் போய்விட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கைகொட்டிச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் பேயில்லை, பிசாசில்லை என்று பேசுகிறீர்களே, படத்திலே வந்த நாய்க்கு இப்படித் துள்ளுகிறீர்களே! அப்படியானால் உள்ளுக்குள்ளே உங்களுக்கும் நம்பிக்கை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்றார்.

தோழர்களே! இந்தக் கேள்வி இன்று நேற்றுப் பிறந்த கேள்வியல்ல. பகுத்தறிவு பேசுகிற ஒவ்வொருவனிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். "நடு ராத்திரியில் தனியாகச் சுடுகாட்டில் படுத்துத் தூங்குவாயா?" என்பார்கள். தூங்கமாட்டேன் என்றால் "பார்த்தாயா, நீயும் நம்புகிறாய்" என்பார்கள். இந்த வாதத்துக்குப் பயந்துகொண்டே நம் வாலிபர்கள் சிலர், இருட்டிலே தனக்கு உடல் சிலிர்த்ததை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, மனதுக்குள் வைத்துக்கொண்டு, நாளடைவில் "ஒருவேளை இருக்குமோ" என்று குழம்பிப் போவதும் உண்டு. ஆகவே இதற்கு நேரான பதிலைச் சொல்லியாக வேண்டும்.

பதில் என்னவென்றால், திடுக்கிடுவது வேறு, நம்புவது வேறு. திடுக்கிடுவது உடம்பின் காரியம். நம்புவது அறிவின் காரியம். திடீரென்று பெரிய சத்தம் கேட்டால், அதைக் கேட்டவன் யாராயிருந்தாலும், ஒரு வினாடியில் பத்திலொரு பங்கு ஆவதற்குள் கண் இமை மூடிக்கொள்ளும், கழுத்தும் தோளும் குறுகும். மூளையின் அடித்தண்டிலிருந்தே அந்த உத்தரவு பிறந்து போய்விடுகிறது; யோசிக்கின்ற பாகத்துக்குச் சேதி முழுசாய்ப் போய்ச் சேரும் முன்பே தோள் குறுகிவிடுகிறது. பிறந்து சில நாளான பச்சைக் குழந்தையும் சத்தம் கேட்டால் கைகளை விரித்துத் திடுக்கிடுகிறது. அந்தக் குழந்தைக்கு எந்தப் பேயின் மேல் நம்பிக்கை? எந்தப் பிசாசின் பெயர் அதற்குத் தெரியும்? நமக்கு முன்னே காட்டிலே வாழ்ந்த எத்தனையோ லட்சம் தலைமுறைகளில், புதர் அசைந்ததும் முதலில் துள்ளிவிட்டுப் பிறகு யோசித்தவன் பிழைத்தான். முதலில் யோசிக்க உட்கார்ந்தவன் புலிக்கு இரையானான். பிழைத்தவனுடைய உடம்புதான் நமக்கு வந்திருக்கிறது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. சார்லஸ் டார்வின் என்னும் அறிஞரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதன் எப்படி உண்டானான் என்பதற்கு வேத புராணங்களைத் தள்ளிவிட்டு இயற்கையிலே விடை தேடியவர். அவர் 1872-ல் வெளியிட்ட, உணர்ச்சிகள் முகத்திலும் உடம்பிலும் வெளிப்படுவதைப் பற்றிய புத்தகத்தில் தன்னுடைய ஒரு பரீட்சையைக் குறிப்பிடுகிறார். மிருகக் காட்சிசாலைக்குப் போய், ஒரு கொடிய விஷப் பாம்பு அடைக்கப்பட்டிருந்த தடித்த கண்ணாடிக்கு அருகே முகத்தை வைத்துக்கொண்டு, பாம்பு சீறி அடித்தாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டாராம். பாம்பு அடித்ததும் என்னவாயிற்று? உறுதியெல்லாம் பறந்துபோய், ஆச்சரியப்படத்தக்க வேகத்தில் ஒரு கஜம் இரண்டு கஜம் பின்னால் குதித்துவிட்டார்! நடுவிலே கண்ணாடி இருக்கிறதென்பது அவருக்குத் தெரியாதா? நன்றாய்த் தெரியும். ஆனால் அவருடைய கால்களுக்குத் தெரியவில்லை.

அப்படிக் குதித்த டார்வின் என்ன செய்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. "பாம்புக்குக் கண்ணாடியைத் தாண்டும் சக்தி உண்டு" என்று முடிவுகட்டினாரா? பரிகாரம் செய்ய ஆளைத் தேடினாரா? இல்லை. "நான் குதித்தேன், ஏன் குதித்தேன்?" என்று கேட்டு, அதையே ஒரு சாட்சியமாகப் புத்தகத்தில் எழுதி வைத்தார். குதித்ததில் அவருக்கும் மற்றவனுக்கும் வித்தியாசமில்லை. குதித்த பிறகு செய்ததில்தான் வித்தியாசம் முழுவதும் இருக்கிறது.

நம் விளையாட்டுக்கே திரும்புவோம். ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாய்ந்த அந்த நடைக்கு மறுபடி போக நேர்ந்தது. இரண்டாந்தடவை உள்ளங்கை வேர்த்தது. மூன்றாந்தடவை எந்த ஜன்னல், எத்தனை அடியில் என்று எண்ணிக்கொண்டு போனோம். ஜாம்பியைக் கண்டதும் முதலில் கை நடுங்கியது. பிறகு கவனித்தோம்: அது மெதுவாகத்தான் நடக்கிறது, அகலமான இடமாயிருந்தால் ஒரு குண்டும் செலவழிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடலாம். சுட்டு விழுந்தது நிஜமாய் ஒழிந்ததா, பாசாங்கா என்பதற்கும் ஓர் அடையாளம் உண்டு. நிஜமாய் ஒழிந்திருந்தால் கீழே இரத்தம் குளமாய்ப் பரவும். இல்லாவிட்டால் மறுபடி எழும், காலைப் பிடிக்கும். இப்படி ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துக் கொண்டே போனால், பயமுறுத்துவதற்கென்று செய்த மாளிகை நாலு நாளில் கணக்குப் போடுகிற பள்ளிக்கூடமாய் மாறிவிடுகிறது. வரைபடம் பார்க்கிறோம், குண்டை எண்ணுகிறோம், எந்தச் சாவி எந்தக் கதவுக்கென்று குறித்து வைக்கிறோம். மந்திரத்துக்கு அங்கே வேலையில்லை. வேண்டிக்கொண்டதற்காக ஒரு குண்டும் கூடுதலாய்க் கிடைக்கவில்லை.

அது மாத்திரமா? மாளிகையில் அங்கங்கே காகிதங்கள் கிடக்கின்றன. அவைகளைப் படிக்கப் படிக்க விஷயம் வெளியாகிறது. அவைகளில் ஒன்று, அங்கே மிருகங்களைப் பராமரித்து வந்த ஒரு வேலைக்காரனுடைய நாட்குறிப்பு. முதலில் சகாக்களுடன் சீட்டாடியதைப் பற்றி எழுதுகிறான். பிறகு ஏதோ விபத்து நடந்து எல்லோருக்கும் விசேஷ உடுப்பு மாட்டிவிட்டதை எழுதுகிறான். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. தப்பி ஓடப் பார்த்த ஒருவன் சுடப்பட்ட செய்தி. வர வர வாக்கியம் குறைந்து, வார்த்தை குறைந்து, கடைசியில் மனிதன் எழுதியதாகவே தோன்றாத இரண்டொரு சொல்லோடு நின்றுவிடுகிறது. இந்த விளையாட்டு முழுவதிலும் நம் மனதை நிஜமாய்க் கலக்கியது இந்த ஒரு காகிதம்தான். ஏனென்றால், நம்மைக் கடிக்க வருகிற நடைப்பிணங்கள் யாரென்று அப்போதுதான் தெரிகிறது. ஆவியுமல்ல, சாபமுமல்ல. அந்த மாளிகையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்! மாளிகைக்கு அடியிலே அம்பிரெல்லா என்னும் ஒரு மருந்துக் கம்பெனி இரகசிய ஆராய்ச்சிசாலை வைத்து, ஆயுதமாக உபயோகிக்க ஒரு வைரஸைத் தயாரித்திருக்கிறது, அது கசிந்துவிட்டது, விஷயம் வெளியே போகாமலிருக்க ஆட்களை உள்ளேயே பூட்டிவிட்டார்கள். போலீஸ் படைத்தலைவன் ஒருவனே அந்தக் கம்பெனியின் ஆள். பேய்க்கதையென்று நினைத்து உள்ளே போனவனுக்குக் கடைசியில் அகப்படுவது ஒரு முதலாளியின் குற்றம்.

ஜாம்பி என்கிற எண்ணத்தின் சரித்திரமும் இதற்கு ஒத்தாற்போல் இருக்கிறது. அது ஹெய்ட்டி தீவிலிருந்து வந்த எண்ணம். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டங்களில் வதைத்தார்கள். செத்தவனுடைய உடலை மந்திரவாதி ஒருவன் எழுப்பி, சுய அறிவில்லாமல் வயலில் உழைக்க வைப்பான் என்பது அத்தீவு மக்களின் பயம். செத்தாலும் விடுதலையில்லையோ என்கிற அடிமையின் ஏக்கம் அதில் இல்லையா? பிறகு 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ என்ற அமெரிக்கர் எடுத்த சினிமாவில், பிணங்கள் எழுவதற்கு விண்வெளிக் கருவி ஒன்று கொண்டுவந்த கதிர்வீச்சு காரணமாயிருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். 1996-ல் வைரஸ். மந்திரம் போய்க் கதிர்வீச்சு வந்தது; கதிர்வீச்சு போய் வைரஸ் வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விஞ்ஞானப் பெயர் ஒன்றைச் சூட்டிவிட்ட மாத்திரத்தில் எதுவும் விஞ்ஞானமாகிவிடாது. வைரஸ் என்பது உயிருள்ள அணுக்களுக்குள் புகுந்துதான் பெருக முடியும். செத்த உடம்பை எழுப்பி நடக்க வைக்க எந்த வைரஸாலும் ஆகாது. ஆகவே விளையாட்டில் வருவதும் கட்டுக்கதையே. "மந்திரம்" என்று சொன்னால் சிரிக்கிறவன் "வைரஸ்", "கதிர்", "மின்காந்தம்" என்று சொன்னால் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வானாகில் அவன் பகுத்தறிவு அடைந்தவனல்ல, எஜமானை மாற்றிக்கொண்டவன்.

நிற்க. விளையாட்டில் குறையே இல்லையென்று சொல்ல வரவில்லை. நடிகர்கள் பேசுவது சிரிப்பை உண்டாக்குகிறது. ஒரு வீட்டுக் கதவைத் திறக்கச் சிலையை நகர்த்து, பதக்கத்தைத் தேடு, பியானோ வாசி என்று அலைய வைப்பது எந்தப் புத்திக்கும் ஒவ்வாதது. இன்னொன்று முக்கியமானது. ஜில் என்ற பெண்ணை ஆணுக்குச் சமமாக, துப்பாக்கி தாங்கிய அதிகாரியாக வைத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அவளுடைய வழியை மட்டும் இலேசாக்கி, ஆபத்து வந்த இடத்திலெல்லாம் பாரி என்ற ஆண் ஓடிவந்து காப்பாற்றும்படி செய்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் ஜாம்பியைச் சுடுவதற்கும் அவன், கூரை இறங்கி நசுக்கப்போகும் அறையில் கதவை உடைப்பதற்கும் அவன்! பெண்ணுக்குத் துப்பாக்கியைக் கொடுத்தும், கூடவே காவலுக்கு ஓர் ஆணையும் அனுப்பாவிட்டால் செய்தவர்களுக்கு மனம் ஒப்பவில்லை போலும்.

மேலும், இது சின்னப் பிள்ளைகளுக்கானதல்ல. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று குறி போட்டுத்தான் விற்றார்கள். இரத்தமும் கொலையும் நிறைந்தது. எது செய்தது, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கும் வயது வராத குழந்தையை இதன் முன் உட்கார வைப்பது, "பூச்சாண்டி வருகிறான்" என்று சொல்லிச் சோறு ஊட்டுவதைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பெரியவர்களாகிய நமக்கு இதனால் ஒரு லாபம் உண்டு. கடையில் வாங்கிய பயம் ஒரு பித்தானை அமுக்கினால் நின்றுபோகிறது. செய்தவர்களின் பெயர்கள் கடைசியில் வரிசையாக வருகின்றன: இன்னார் வரைந்தார், இன்னார் சத்தம் அமைத்தார், இன்னார் கதை எழுதினார் என்று. நம்மைத் தொட்டிலிலிருந்து பயமுறுத்தி வருகிற மற்றப் பயங்களுக்கும் இப்படி ஒரு பெயர் வரிசை போட்டால் எப்படியிருக்கும்? இந்த மரத்தில் முனி இருக்கிறதென்று முதலில் சொன்னவர் இன்னார். அதனால் இலாபமடைந்தவர் இன்னார். உடுக்கை அடித்தவர் இன்னார். விளக்கை அணைத்தவர் இன்னார் என்று! அவைகளில் அந்த வரிசையை மறைத்து வைத்திருக்கிறார்கள். அதைத் தேடி எடுப்பதே நம் வேலை.

ஆகவே, தோழர்களே, குறிப்பாக வாலிபத் தோழர்களே! இருட்டிலே உடல் சிலிர்த்தால் வெட்கப்பட வேண்டாம். துள்ளினால் துள்ளட்டும், அது உடம்புக்குள்ள பழைய பழக்கம். ஆனால் துள்ளிய பிறகு அங்கேயே நின்று, விளக்கை ஏற்றி, என்ன சத்தம், எங்கிருந்து வந்தது, எதை நமக்குக் காட்டாமல் மறைத்தார்கள், கையில் என்ன இல்லாததால் இவ்வளவு பயந்தோம், இதனால் யாருக்கு வரும்படி என்று கேளுங்கள். கேட்டுப் பார்த்தவன் எவ்வளவு துள்ளியிருந்தாலும் அவன் கோழையல்ல. கேட்காமல் தாயத்துக் கட்டிக்கொண்டவன் ஒரு தரமும் துள்ளாதவனாயிருந்தாலும் அவன் வீரனல்ல.

நாம் சொன்னவைகளையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.